தேய்மானம் யாருடைய கணக்கில்?

“எலும்பு தேய்ந்துவிட்டது”, “ஜவ்வு விலகிவிட்டது” ஆகிய இரு தொடர்களையும் நம் மருத்துவப் பேச்சிலிருந்து விலக்க வேண்டும் என்பது இப்பதிவின் முதற்கோரிக்கை. அடிமுதுகு வலியை வலியுற்றவரின் உடற்குறையாகவோ ஒழுக்கக்குறையாகவோ பேசும் வழக்கத்தைக் கல்விப்புலத்தில் இருக்கும் நாமாவது கைவிட வேண்டும் என்பது இரண்டாவது. முன்னது மொழி பற்றியது. பின்னது உழைப்பு பற்றியது. இரண்டும் ஒரே பிழையிலிருந்து கிளைத்தவை என்பதே என் வாதம். பதிவு நீளமானது. முதுகு வலியுள்ளவர்கள் நடுவே எழுந்து சற்று நடந்துவிட்டு வந்து படிக்கலாம். அதுவும் என் வாதத்தின் ஒரு பகுதிதான்.

ஆய்வு மாணவர்களின் குழுக்களில் மாதம் ஒருமுறையாவது இந்தப் பேச்சு எழுகிறது. எந்த நாற்காலி வாங்கலாம், எந்த மெத்தை நல்லது, எந்த இடுப்புப் பட்டை தாங்கும் என்று ஒருவர் கேட்பார். நாற்பது பேர் மறுமொழி இடுவர். விலைப்பட்டியல் வரும், எம்.ஆர்.ஐ. அறிக்கையின் படம் வரும், “பட்டம் வருமுன் பட்டை வந்துவிட்டது” என்ற நகைச்சுவை வரும். இறுதியில் மூத்தவர் ஒருவர் வந்து, “உங்கள் தலைமுறைக்கு நிமிர்ந்து உட்காரவே தெரியவில்லை” என்று அறிவுரை கூறி முடித்து வைப்பார். இவ்வுரையாடல்களில் வலியின் காரணம் எப்போதும் மூன்றே இடங்களில் தேடப்படுகிறது: எலும்பு, இருக்கை, ஒழுங்கின்மை. வேலை நேரம், ஊதியம், உறக்கம், அச்சம், பயணம் ஆகியவை பேச்சில் வருவதேயில்லை.

முதலில் சிக்கலின் அளவைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேருக்கு அடிமுதுகு வலி இருந்தது; 2050இல் அவ்வெண்ணிக்கை 84.3 கோடியாக உயரக்கூடும் என்று 2023இல் லான்செட் குழும இதழொன்றில் வெளியான உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணித்தது. மனிதர்கள் இயலாமையோடு கழிக்கும் ஆண்டுகளுக்கு மிகப்பெரிய தனிக்காரணம் இதுவே. வலியுற்றோருள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு, இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டத்தக்க காரணம் எதுவும் கிடைப்பதில்லை. மருத்துவ ஆய்வுலகம் இதனைக் ‘குறித்த காரணம் சுட்டவியலாத வலி’ என்று அடக்கத்தோடு வகைப்படுத்துகிறது. நம் அன்றாட மருத்துவப் பேச்சுக்கு அந்த அடக்கம் இல்லை. படத்தைப் பார்த்த மறுகணமே “தேய்மானம்” என்று தீர்ப்பெழுதிவிடுகிறது.

அந்தப் படம் உண்மையில் என்ன சொல்கிறது? முதுகு வலியே இல்லாத 3110 பேரின் படங்களை உள்ளடக்கிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. வலியற்ற இருபது வயதினருள் 37 விழுக்காட்டினரின் முதுகெலும்பு வட்டுகளில் ‘சிதைவு’ என்று அறிக்கையில் எழுதத்தக்க மாற்றம் இருந்தது. ஐம்பது வயதில் அது 80 விழுக்காடு, எண்பதில் 96. வட்டுப் பிதுக்கமும் அவ்வாறே: இருபது வயதில் 30 விழுக்காடு, ஐம்பதில் 60. இவர்கள் அனைவரும் வலியின்றி நடமாடியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1994இலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதே முடிவை நோக்கிய ஆய்வு வந்தது: வலியற்ற 98 பேரைப் படமெடுத்ததில் பாதிக்குமேற்பட்டோருக்கு ஓரிடத்திலாவது வட்டு பிதுங்கியிருந்தது. எனவே, அறிக்கையில் காணப்படும் மாற்றங்களுள் பெரும்பாலானவை முதுகெலும்பின் நரை. நரைத்த முடி வலிப்பதில்லை. தலைவலியோடு வந்தவரிடம் நரையைச் சுட்டிக்காட்டி “இதனால்தான்” என்று எந்த மருத்துவரும் கூறார். முதுகெலும்பின் நரைக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு எளிதில் வழங்கப்படுகிறது.

‘விலகல்’, ‘நழுவல்’ என்பனவும் உடற்கூற்றுக்குப் பொருந்தாத சொற்கள். வட்டு என்பது இரு எலும்புகளுக்கிடையே செருகி வைத்த சில்லு அன்று. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுகப் பிணைந்த திசு. அது பிதுங்கலாம், கிழிந்து உள்ளிருப்பது வெளிவரலாம். சட்டைப்பையிலிருந்து நாணயம் விழுவதுபோல் நழுவாது. அவ்வாறு வெளிவந்த பகுதியும் பலருக்குக் காலப்போக்கில் தானே சுருங்கிவிடுகிறது. இந்தச் செய்தி மருத்துவ நூல்களில் உண்டு. நோயாளியின் கையில் தரப்படும் அறிக்கையில் இல்லை.

சொல்தானே, சொல்லால் என்ன கெடும் என்று கேட்பவர்களுக்காக என் அனுபவத்தைக் கூறுகிறேன். இருபத்தைந்தாம் வயதில் எனக்கு எடுக்கப்பட்ட படத்தைப் பார்த்த மருத்துவர் ஒருவர் மூன்று தடைகளை விதித்தார்: குனியாதே, தரையில் அமராதே, எடை தூக்காதே. “உன் முதுகு அறுபது வயதுக்காரரின் முதுகு” என்றார். அந்த ஒரு வாக்கியம் என் வாழ்க்கையில் செய்த வேலையை எந்த வட்டும் செய்யவில்லை. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் காலால் நகர்த்திச் சுவரோரம் கொண்டுசென்ற நாள்கள் உண்டு. தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைப் பகுதியில் பத்தடிக்குப் பத்தடி வீட்டில் தரையில் அமராமல் உண்பது எப்படி, குடத்தைத் தூக்காமல் குளிப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. களப்பணியில் மூதாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்பவர் நாற்காலி கேட்டால் அந்த வீட்டில் யார் எழுந்திருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. தடைகளுக்கு நிலைக்களம் நடுத்தர வர்க்கத்து வீடு. மற்றவர்களுக்கு அவை நிறைவேற்ற முடியாத கட்டளைகள். நிறைவேற்ற முடியாமையால் குற்றவுணர்வாக மாறிவிடுபவை.

இனி மொழியியலாளராகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தமிழில் “எனக்கு முதுகு வலிக்கிறது” என்கிறோம். இங்கே ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. பசிப்பது, தாகம் எடுப்பது, குளிர்வது எல்லாம் நமக்கு நிகழ்பவை. நாம் செய்பவையும் அல்ல, நம்மிடம் இருக்கும் பொருள்களும் அல்ல. வலியும் அந்த வரிசையில் ஒரு வினை. காலம் காட்டும் வினை. நேற்று வலித்தது, இன்று வலிக்கிறது, நாளை வலிக்காமல் போகலாம். எம்.ஆர்.ஐ. அறிக்கை வீட்டுக்குள் நுழைந்த பிறகு இந்த இலக்கணம் மாறிவிடுகிறது. “எனக்கு எல் 4 – எல் 5 இருக்கிறது” என்று பேசத் தொடங்குகிறோம். எல்லா மனிதருக்கும் உள்ள இரு எலும்புகளின் பெயர் நோயின் பெயராகிவிட்டது! வினை பெயராகிவிட்டது, நிகழ்வு உடைமையாகிவிட்டது. பசி தீரும் என்று நாம் நம்புகிறோம், உடைமையோ தீராது. நாள்பட்ட வலியில் அச்சமும் நம்பிக்கையின்மையும் இயலாமையை வளர்க்கின்றன என்று ஆய்வுகள் காட்டும்போது, இந்த இலக்கண மாற்றத்தை வெறும் சொல்விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

வலியைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, எரிச்சல், மதமதப்பு, மரத்துப்போதல் ஆகியவை ஒவ்வொன்றும் வேறு. யாழ்ப்பாணத்தார் அடிமுதுகை ‘நாரி’ என்பர். ‘நாரிப்பிடிப்பு’ என்ற ஒரு சொல்லில் இடமும் தன்மையும் அடங்கிவிடுகின்றன. “சுரீரென்று தொடையில் இறங்கிக் கணுக்காலுக்குப் போகிறது” என்று ஒருவர் சொன்னால் அது நரம்பு வேரின் அழுத்தத்தைச் சுட்டக்கூடும்; “நாள் முழுவதும் கடுக்கிறது” என்றால் அது வேறு கதை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக் 1975இல் வெளியிட்ட புகழ்பெற்ற வலி வினாநிரல், நோயாளிகளின் சொற்களையே அளவுகோலாகக் கொண்டது. 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கியது. நோயாளி எந்தச் சொல்லைத் தேர்கிறார் என்பதே மருத்துவச் செய்தி என்பது அதன் அடிப்படை.

மும்பையில் இந்தச் செய்தி எங்கே தொலைகிறது? தாராவியிலிருந்தோ சீத்தா கேம்ப்பிலிருந்தோ மருத்துவமனைக்குச் செல்லும் தமிழ்ப்பெண் தன் குடைச்சலையும் உளைச்சலையும் வாயிலிலேயே விட்டுவிட்டு, “கமர் மே தர்த்” என்ற மூன்று சொற்களோடு உள்ளே நுழைகிறார். மருத்துவர் மராத்தியில் ஒரு கேள்வி கேட்பார், இந்தியில் ஒரு கேள்வி கேட்பார். வெளியே வரிசை நீண்டிருக்கும். பத்துத் தமிழ்ச் சொற்கள் ஒரு ‘தர்த்’ ஆகச் சுருங்கியபின், மிச்சத்தைச் சொல்லும் பொறுப்பு படத்தின் மீது விழுகிறது. படமோ யாருக்கும் ‘தேய்மானம்’ என்றே சொல்லும். மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில் இயந்திரம் பேசுகிறது. மும்பைப் பல்கலைக்கழகங்களில் பன்மொழியம் பற்றி ஆய்வேடு எழுதும் நாம் இந்த இடத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை.

சிகிச்சை என்ற பெயரில் பரவலாகத் தரப்படுவனவற்றையும் சொல்லியாக வேண்டும். நாள்பட்ட அடிமுதுகு வலிக்கான தன் முதல் வழிகாட்டு நெறிகளை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கம் அளித்தல், உடற்பயிற்சி, பிசைதல் உள்ளிட்ட சில கைமுறைச் சிகிச்சைகள், உளவியல் துணை, அழற்சி தணிக்கும் சில மருந்துகள் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு வகை வலிமருந்து ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. நம் தெருமுனை மருந்தகத்தில் முதலில் கைக்கு எட்டுவது பட்டை. பல சிகிச்சை மையங்களில் முதலில் கட்டில் போடப்படுவது இழுவைக்கு. பாராசிட்டமாலின் நிலையும் இதுதான். திடீரென வந்த அடிமுதுகு வலியுள்ள 1652 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான சோதனையில் அது வெற்று மாத்திரையைவிட விரைவாகக் குணம் தரவில்லை.

‘முழு ஓய்வு’ என்ற அறிவுரை இவற்றினும் பழையது. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வில், திடீர் முதுகு வலி வந்தவர்களுள் சிலர் இரண்டு நாள் படுக்கையில் கிடந்தனர். சிலர் சிறப்புப் பயிற்சிகள் செய்தனர். சிலர் வலி அனுமதித்த அளவுக்கு வழக்கமான வாழ்க்கையைத் தொடர்ந்தனர். முதலில் தேறியவர்கள் மூன்றாம் குழுவினர். படுக்கையில் கிடந்தவர்களே மிக மெதுவாகத் தேறினர்.

அப்படியானால் வலி வெறும் மனப்பிரமையா என்று கேட்கலாம். இல்லை. படத்தில் காரணம் தெரியாத வலியும் முழு உண்மையான வலியே. மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்த ‘வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு’ தொடங்கி அறுபதாண்டு ஆய்வுகள் காட்டுவது இதுதான்: காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல. தண்டுவடமும் மூளையும் வரும் குறிப்புகளைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. உறக்கமின்மை, அச்சம், கடன், அவமதிப்பு, இடைவிடாத ஒரே அசைவு ஆகியவை அந்தக் கூட்டலுக்குத் துணை போகின்றன. இவற்றை ‘மனம்’ என்று ஒதுக்குவோர் உடலை வெட்டிப் பார்த்தவர்கள், வாழ்க்கையைப் பார்க்கவில்லை.

ஒரு எச்சரிக்கையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரையோ மலத்தையோ அடக்கவோ கழிக்கவோ முடியாமற் போதல், தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்தல், கால் வலுவிழத்தல், காய்ச்சலோடு கூடிய வலி, காரணமற்ற எடையிழப்பு, புற்றுநோய் வரலாறு, விழுந்து அடிபட்டபின் வலி ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் இப்பதிவை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். முதல் இரண்டும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உரியவை. நான் பேசுவது எஞ்சிய பெரும்பான்மை பற்றி.

அந்தப் பெரும்பான்மைக்கு ஆய்வுகள் ஒருமித்துக் கூறும் மருந்து எளியது: அசைவு, அச்சமின்மை, உறக்கம், வேலையை நிறுத்தவும் தொடரவும் தனக்கே உரிய அதிகாரம். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நம் நகரத்தைச் சுற்றி வாருங்கள். தாராவியில் தோல் பை தைப்பவர் சப்பணமிட்டுக் குனிந்தபடியே நாளைக் கழிக்கிறார். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி, எனவே நிமிர்ந்த நிமிடத்திற்குக் கூலி இல்லை. பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் பெண் குந்தியே அமர்கிறார். நள்ளிரவில் மாவரைத்து, விடியலில் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிப் புறப்படுபவர்கள் நம் உறவினர்கள். மாட்டுங்காவின் பூச்சந்தையில் சரம் தொடுப்பவருக்குத் தரைதான் இருக்கை. அதே மாட்டுங்காவின் உணவகத்தில் நமக்குக் காபி கொண்டுவருபவருக்குத் தரையும் இல்லை, நின்றே ஆக வேண்டும். செம்பூரின் அடுக்ககங்களில் ஒரு முழத் துடைப்பத்தோடு நாளைக்கு ஐந்து வீட்டுத் தரையைக் கூட்டுபவர் ஐந்து வீட்டுக்கும் குனிகிறார். இவர்கள் மாலையில் மூவர் அமரும் ரயில் பலகையில் நான்காமவராக நுனியில் ஒட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இவர்களிடம் “நிமிர்ந்து உட்காருங்கள்” என்று சொல்ல நமக்கு நாக்கூச வேண்டும்.

குனிவது தீங்கு என்று நான் கூறவில்லை. முதுகு குனிவதற்கே அமைந்தது. நிமிர வேண்டும் என்று தோன்றும்போது நிமிர முடியாமைதான் தீங்கு. நூலகத்தில் பத்து மணி நேரம் அமரும் ஆய்வாளருக்கும் தோல் பட்டறைத் தொழிலாளிக்கும் இடையே உள்ள வேறுபாடு இருக்கையின் தரம் அன்று. ஆய்வாளர் எழுந்து தேநீர் குடிக்கச் செல்லலாம். பட்டறைக்காரர் எழுந்தால் அன்றைய கூலி குறையும்.

இப்போது ‘தேய்மானம்’ என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். மேல்நிலை வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது முதலில் அறிமுகமானது முதுகெலும்போடு அன்று, இயந்திரத்தோடு. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், பிரிவு 32, தொழிலுக்குப் பயன்படும் இயந்திரங்களுக்குத் தேய்மானக் கழிவு அளித்தது. பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு. ஆக, தையல் இயந்திரம் உழைத்துத் தேயும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதற்கு முன் குனிந்திருப்பவரின் முதுகைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரியும் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அரசுக்கு அறிவிக்க வேண்டிய 29 தொழில்நோய்களைப் பட்டியலிட்டது. ஈய நஞ்சு உண்டு, நுரையீரல் நோய்கள் உண்டு, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் உண்டு. உழைக்கும் மக்களை மிகுதியாக முடக்கும் முதுகு வலி அதில் இல்லை. அளவுக்கு மீறிய சுமையைத் தூக்க வைக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறியது. ஆனால் நாலைந்து பேர் வேலை செய்யும் தாராவிப் பட்டறைக்குள் அந்தச் சட்டம் நுழைந்ததேயில்லை. இயந்திரத்தின் தேய்மானம் முதலாளியின் கணக்கில் வரவாகிறது. மனிதரின் தேய்மானம் அவருடைய ஒழுங்கின்மையாக அறிக்கையில் எழுதப்படுகிறது.

இதற்கு மாற்று இருந்திருக்கிறது. கலிபோர்னியாவின் கீரைத் தோட்டங்களில் மெக்சிக்கத் தொழிலாளர்கள் ‘குட்டையன்’ என்று பொருள்படும் ‘எல் கோர்த்திட்டோ’ எனும் குட்டைப்பிடிக் களைக்கொத்தால் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்தனர். பிடி இரண்டடிக்கும் குறைவு. நுணுக்கமான வேலைக்கு அதுவே ஏற்றது என்றனர் பண்ணையார்கள். நிமிர்ந்தவர் யார் என்பது மேற்பார்வையாளருக்குத் தொலைவிலிருந்தே தெரியும் என்பது அதன் மற்றொரு ‘வசதி’. தொழிலாளர்கள் மருத்துவச் சான்றுகளோடு வழக்குத் தொடுத்தனர். மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கின் விளைவாக 1975இல் அக்கருவி தடை செய்யப்பட்டது. அந்த முதுகுகளுக்கு நிவாரணம் அளித்தது நீண்ட பிடி. அந்தப் பிடியைத் தந்தது வழக்கு.

அவ்வளவு தொலைவுக்குப் போகவும் வேண்டாம். மராத்தியில் ‘மாத்தா’ என்றால் தலை. தலைச்சுமைத் தொழிலாளர் ‘மாத்தாடி’. மும்பையின் சந்தைகளிலும் கிடங்குகளிலும் மூட்டை சுமந்த அவர்கள் போராடிப் பெற்றதே 1969ஆம் ஆண்டின் மகாராட்டிர மாத்தாடி, ஹமால் மற்றும் பிற உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். வாரியமும் பதிவும் வைப்பு நிதியும் அதன்வழி வந்தன. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைப்பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டு உட்காரும் உரிமை கேட்டனர். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்துப் பணியாளர் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்றது. துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பெண்ணின் முதுகு வலிக்கு எந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையும் இந்த முக்காலியைப் பரிந்துரைத்ததில்லை.

நம் மரபிலும் இந்த அறிவு இருந்தது. பழைய பெருவழிகளின் ஓரத்தில் இன்றும் சில சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நடுவர். தலைச்சுமையை இறக்கி ஏற்ற இன்னொருவர் கை வேண்டாதபடி, நின்ற நிலையிலேயே சுமையை மாற்றி வைக்கத்தக்க உயரத்தில் அக்கல் இருக்கும். சுமப்பவரிடம் “முதுகை உறுதியாக்கு” என்று அது சொல்லவில்லை. சுமையை இறக்கிவைக்க ஓரிடம் தந்தது.

“அப்படியானால் ஆய்வு மாணவரின் வலி வலியில்லையா?” என்று நண்பர்கள் கேட்பார்கள். வலிதான். மாதங்கள் கடந்து வரும் உதவித்தொகை, நெறியாளரின் ஒரு மறுமொழிக்காக விழித்திருக்கும் இரவுகள், பட்டத்திற்குப் பின் வேலை உண்டா என்ற அச்சம் ஆகியவை முதுகில் வந்து அமர்கின்றன. ஆனால் அதை நாற்காலிக் கடையில் தீர்க்க முற்படும்போது நாமும் அதே பிழைக்குள் விழுகிறோம்: பணிச்சூழலின் கேட்டைத் தனியுடலின் குறையாக ஏற்றுக்கொள்கிறோம். நம் வலி தொழிலாளியின் வலியிலிருந்து நம்மைப் பிரிப்பதற்கு உரியதன்று. அவரோடு ஒரே கோரிக்கையில் கையெழுத்திட வைப்பதற்கு உரியது.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? மலிவான விடை நடைதான். ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2024இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் இயன்முறை மருத்துவர் துணையோடு படிப்படியாக நடையை வளர்த்தனர். இலக்கு, வாரத்திற்கு ஐந்து நாள் முப்பது நிமிடம். அவர்களுக்கு வலி மீண்டும் வர இடைநிலையாக 208 நாள்கள் ஆயின; மற்றவர்களுக்கு 112 நாள்கள். என் தேறுதலும் இவ்வழியில்தான் நிகழ்ந்தது. ஐந்து நிமிடத்தில் தொடங்கிய நடையை வாரந்தோறும் சிறிது நீட்டினேன். இயன்முறை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் தடைசெய்யப்பட்ட அந்தக் குனிதலையும் சுமை தூக்குதலையும் சிறுகச் சிறுக மீட்டேன். வலி முற்றிலும் மறையவில்லை. அச்சம் மறைந்துவிட்டது, வலி வந்தாலும் ஓரிரு நாளில் போய்விடுகிறது. நடப்பதற்கு மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் வரை எனக்கு நேரம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐந்து வீட்டுத் தரையைக் கூட்டும் அக்காவுக்கு அந்த நேரம் இல்லை.

‘வலி’ என்ற சொல்லுக்குத் தமிழில் வலிமை என்றும் பொருள். திருக்குறளின் 48ஆம் அதிகாரம் ‘வலியறிதல்’. அங்கே பேசப்படுவது ஆற்றல். துடுப்பை இழுப்பதையும் ‘வலித்தல்’ என்றே சொல்கிறோம். சொற்பொருளை வைத்து மருத்துவம் செய்ய முடியாது என்பதை அறிவேன். ஆயினும், துன்பத்தையும் ஆற்றலையும் உழைப்பின் இழுவையையும் ஒரே வடிவில் வைத்திருக்கும் மொழிக்குள் ‘தேய்மானம்’ என்ற கணக்கேட்டுச் சொல்லை இறக்கி மனிதரைப் பழைய இயந்திரமாக எழுதிவைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

எனவே என் கோரிக்கைகள் இவை. மருத்துவ நண்பர்களே, அறிக்கையைக் கையளிக்கும்போது “உங்கள் வயதில் வலியில்லாத பலருக்கும் இது உண்டு” என்ற ஒரு வாக்கியத்தை அவரவர் மொழியில் சொல்லுங்கள். மொழியியல் துறை நண்பர்களே, வலிச்சொற்களைத் தமிழ், மராத்தி, இந்தி, உருது ஆகிய நான்கிலும் தொகுத்து மருத்துவர்கள் பயன்படுத்தத்தக்க சிறு கையேடு ஒன்றை உருவாக்குவோம். களப்பணிக்கு நான் வருகிறேன். பேராசிரியர்களே, மூன்று மணி நேரக் கருத்தரங்கில் எழுந்து நிற்பவரை அவமதிப்பவராகக் கருதாதீர்கள்.

கடைசிக் கோரிக்கை நம் வளாகங்கள் பற்றியது. அடுத்த நாற்காலிக்கு விலை கேட்கும் முன் உங்கள் துறைக் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். வாயிற்காவலருக்கு இருக்கை உண்டா? அதில் அமர அவருக்கு அனுமதி உண்டா? துப்புரவுப் பணியாளரின் துடைப்பத்திற்கு நீண்ட பிடி உண்டா? நூலகத்தில் புத்தகக் கட்டுகளைச் சுமப்பவருக்குத் தள்ளுவண்டி உண்டா? எண்ணிப் பார்த்து வளாகத்தின் பெயரின்றி எண்ணிக்கையை மட்டும் எனக்கு எழுதுங்கள். போதுமான விடைகள் சேர்ந்ததும், அவற்றை இணைத்து நம் நிர்வாகங்களுக்கு ஒரு பொது விண்ணப்பம் வரைவோம். முதற்கையெழுத்து முதுகு வலியுள்ள ஆய்வு மாணவர்களுடையதாக இருக்கட்டும்.